கூகைக்கட்டு வந்த ஓணான்

போன மாதம் பல்லி வால் அறுவதைப் பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் தலைப் பக்கத்துக் கேள்விகள். வீங்கிய கன்னம், ஆடும் கழுத்து, ஊதும் தொண்டை, எறியும் நாக்கு. எல்லாவற்றுக்கும் பதில் தோலுக்குக் கீழே கிடக்கும் தசைகளில் இருப்பதால் ஒரேயடியாக எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பேராசிரியர் இல்லை. விலங்கியல் ஆய்வுகூடத்தில் மாணவருக்கு மாதிரிகளை வெட்டி, விரித்து, ஊசி குத்திக் கொடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடிதம் எழுதியவர்களின் பெயரைப் போடுவதில்லை, ஊர் போதும்.

கேள்வி: எங்கள் கிளுவை வேலியில் ஒரு பெரிய ஓணான் தினமும் வந்து நிற்கிறது. இரண்டு கன்னமும் நன்றாக வீங்கியிருக்கின்றன. பக்கத்து வீட்டார் அதற்குக் கூகைக்கட்டு என்கிறார்கள். கடவாயில் பூச்சியை அடக்கி வைத்திருக்கிறது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டு பேருமே கொஞ்சம் இறங்கி வரவேண்டும். கூகைக்கட்டு மனிதருக்கு வரும் வைரசு நோய். காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை வீங்க வைப்பது. ஓணானுக்கு அது வராது. பூச்சியை அடக்கி வைக்கிற பையும் ஓணானின் கடவாயில் இல்லை. பிடித்ததை நாலு தரம் நசுக்கி விழுங்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கும். நீங்கள் காண்பது முழுக்க முழுக்கத் தசை. உங்கள் வேலிக்காரர் வயதுவந்த ஆண், அவ்வளவுதான்.

அந்தத் தசைக்கு டெரிகோய்டியஸ் என்று பெயர். வாயை மூடுகிற தசைகளில் ஒன்று. அண்ணத்தின் பின்பக்கத்து என்பில் தொடங்கும். அங்கிருந்து பின்னோக்கி ஓடி, கீழ்த்தாடையின் பின்மூலைக்கு அடியால் சுற்றி, வெளிப்பக்கமாக ஏறி ஒட்டிக்கொள்ளும். மற்றத் தாடைத் தசைகள் எல்லாம் பெரும்பாலும் மண்டையோட்டின் குழிகளுக்குள் அடங்கிக் கிடப்பவை. அவை பெருக்க வேண்டுமென்றால் மண்டையோடே அகல வேண்டும். இந்தத் தசை என்புக்கு வெளியே வந்து முடிவதால் பெருக்க இடமுண்டு. பெருத்தது அப்படியே கன்னமாகத் தெரிகிறது.

பெட்டைக்கும் இதே தசை உண்டு, சின்னது. ஆணுக்கு மட்டும் ஏன் பெரிது என்றால், அது சாப்பாட்டுக்காக அல்ல, சண்டைக்காக. இனப்பெருக்க காலத்தில் இரண்டு ஆண்கள் ஒரே வேலிக்கு உரிமை கேட்டால், தலையாட்டி மிரட்டுவதில் தொடங்கி ஆளை ஆள் கவ்வுகிற கட்டம் வரைக்கும் போகும். தலை அகன்ற பல்லிகளின் கடி கூடிய பலமானது என்பதை ஆய்வாளர்கள் சின்ன உலோகத் தகடுகளைக் கடிக்க வைத்து அளந்திருக்கிறார்கள். ஆகவே கன்னத்தைக் காட்டினாலே பாதிச் சண்டை முடிந்துவிடும். வாயைப் பிளந்து காட்டும்போது பின்மூலை இன்னும் கொஞ்சம் பிதுங்குவதையும் பார்க்கலாம்.

ஆணா பெட்டையா என்று சந்தேகம் வந்தால் பக்கவாட்டில் பார்க்காதீர்கள். கதிரையில் ஏறியாவது மேலே இருந்து பாருங்கள். பெட்டையின் தலை அதிகம் புடைக்காமல் கழுத்தோடு சேரும். ஆணின் தலை தாடை மூலையில் இரண்டு பக்கமும் புடைத்து, அதற்குப் பிறகுதான் கழுத்து தொடங்கும்.

கேள்வி: ஐயா, பல்லியினத் தாடைத் தசைகளின் பெயர்களைப் பாடமாக்க முடியவில்லை. வெளித்தசை, உள்தசை, பின்தசை என்று பிரிக்கிறார்கள். வெளித்தசைக்குள் மறுபடி மூன்று. இதெல்லாம் எதை வைத்துப் பிரித்தது? நேரில் பார்க்க வழியுண்டா?
பல்கலைக்கழக மாணவி, நெல்லியடி

பதில்: பிள்ளை, பெயரில் தொடங்கினால் ஒருநாளும் பாடமாகாது. நரம்பில் தொடங்கும்.

மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு மூன்றாகக் கிளைக்கும். ஒன்று கண்பக்கம், ஒன்று மேல்தாடை, ஒன்று கீழ்த்தாடை. தாடையை மூடும் தசைத் திரளுக்கு நடுவால் இந்தக் கிளைகள் புகுந்து போகின்றன. மேல்தாடைக் கிளைக்கு உட்புறமாக, மூளைப்பக்கம் கிடப்பது உள்தசை. மேல்தாடைக் கிளைக்கும் கீழ்த்தாடைக் கிளைக்கும் இடைப்பட்டு, வெளிப்புறமாகப் பரந்து கிடப்பது வெளித்தசை. கீழ்த்தாடைக் கிளைக்குப் பின்னால் கிடப்பது பின்தசை. இவ்வளவுதான் விடயம். அலெக்சாண்டர் லூதர் என்ற பின்லாந்து விலங்கியலாளர் 1914இல் இந்த முறையைக் கொண்டுவந்தார். தசை இனத்துக்கு இனம் உருவம் மாறும், ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு ஒன்றாக ஒட்டும். நரம்பு அவ்வளவு லேசில் இடம் மாறாது. அதனால்தான் நூறு வருடம் கழிந்தும் நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நேரில் பார்க்க உயிருள்ளதைக் கொல்ல வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பூனைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் குறைவில்லை. வீதியோரத்தில் பழுதாகாத ஓணான் ஒன்று எப்படியும் கிடைக்கும். கையுறை போடும். ஒரு மெழுகுத் தட்டு, புது சவர பிளேட், இரண்டு தையல் ஊசி, நுனி கூரான இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி. போமலினில் ஒரு கிழமை கிடந்ததென்றால் தசை இறுகி, நார் நாராகப் பிரிக்க வசதியாக இருக்கும். புதிதாக வெட்டினால் நிறம் நன்றாகத் தெரியும், ஆனால் கிழியும்.

வாய்க்கோணத்தில் இருந்து காதுச் சவ்வுக்கு மேலால் பிடரிவரை தோலை மட்டும் கீறும். கன்னத்துச் செதிலுக்குக் கீழே தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும், அவசரப்பட்டு இழுத்தால் கீழேயுள்ள மெல்லிய பட்டியும் சேர்ந்து வந்துவிடும். இடுக்கியால் தூக்கி, பிளேட்டின் நுனியைத் தோலின் உட்புறத்தோடு உரசினமாதிரிக் கொண்டுபோகும். தோல் விலகினதும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் வெண்மையான ஒரு சவ்வு மினுங்கும். அதைக் கிழித்தால் வெளித்தசை. மேலே கண்ணுக்குப் பின்னாலிருந்து ஓடும் என்பு வளைவில் தொடங்கி, கீழேயும் முன்னேயும் சரிந்து கீழ்த்தாடைக்கு இறங்குகிற நார்கள். பல்லியினங்களுக்குக் கீழ்க் கன்ன என்பு வளைவு கிடையாது. அதனால்தான் ஒரு என்பையும் வெட்டாமல் இந்தத் தசையைப் பார்க்க முடிகிறது.

மேற்படையை ஊசியால் ஒதுக்கிக்கொண்டே போனால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு தசைநாண் தகடு நிமிர்ந்து நிற்கும். கீழ்த்தாடையில் மேல்நோக்கி ஒரு முளை இருக்கிறதல்லவா, கொரோனொயிட், அதில்தான் இந்தத் தகடு வேர்விட்டிருக்கிறது. தகட்டின் இரண்டு பக்கமும் நார்கள் சரிந்து வந்து ஒட்டும். நாரெல்லாம் நேரே என்பில் ஒட்டுவதென்றால் இடம் போதாது. ஒரு தகட்டை நிறுத்தினால் சின்ன இடத்துக்குள் கனக்க நாரை அடக்கலாம். இதைக் கண்ட மாணவர் அதற்குப் பிறகு வெளித்தசையை மறந்ததை நான் காணவில்லை. அந்தத் தசைக்குள் மேல், நடு, ஆழம் என்று மூன்றாகப் பிரிப்பதைப் பற்றிக் கேட்டீர். என்னைக் கேட்டால், புத்தகத்துப் படத்தில் கோடு போடுகிற அளவுக்குத் தட்டில் எல்லை தெரியாது. நார் தகட்டின் வெளிப்பக்கம் ஒட்டுகிறதா, உள்பக்கமா, எந்த என்பில் தொடங்குகிறது என்று பார்த்து எழுதும். பரீட்சைக்கு அது போதும்.

உள்தசையில் இரண்டு கூட்டம். ஒன்று மண்டையின் பக்கச் சுவரிலும் எபிடெரிகோய்ட் என்ற மெல்லிய செங்குத்து என்பிலும் தொடங்கி கொரோனொயிட்டின் உட்பக்கம் இறங்கும் சூடோடெம்பொராலிஸ். மற்றது முதல் கேள்வியில் வந்த கன்னத்துக்காரர், டெரிகோய்டியஸ். அவர் வெளியே வந்து தொங்கினாலும் குடும்பம் உள்தசைக் குடும்பம்தான். பின்தசை சிறியது, தாடை மூட்டுக்கு முன்னால், கீழ்த்தாடை தொங்குகிற குவாட்ரேட் என்ற என்பிலிருந்து கீழ்த்தாடையின் குழிக்குள் இறங்கும். பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

இன்னொன்றைக் கவனியும். வெளித்தசையின் நார்கள் தாடையை மேலேயும் பின்னேயும் இழுக்கின்றன. டெரிகோய்டியஸ் மேலேயும் முன்னேயும் இழுக்கிறது. ஓணானின் குவாட்ரேட் என்பு அசையக்கூடியது. ஒரு பக்கத்து இழுவை மட்டும் இருந்தால் தாடை பின்னுக்கோ முன்னுக்கோ வழுக்கிவிடும். இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்து இழுப்பதால்தான் கடி ஓரிடத்தில் நிற்கிறது.

வாயைத் திறக்கிற வேலை முழுவதும் வேறு ஆளுக்கு. காதுச் சவ்வுக்குப் பின்னால், மண்டையின் பின்விளிம்பிலும் பிடரியிலும் தொடங்கி இறங்குகிற ஒரு தட்டையான பட்டி, டிப்ரெசர் மண்டிபுலே. அதற்கு வருவது ஐந்தாம் நரம்பு அல்ல, ஏழாம் நரம்பு. கீழ்த்தாடை மூட்டோடு முடிந்துவிடுவதில்லை. மூட்டுக்குப் பின்னாலும் ஒரு துண்டு நீண்டிருக்கும். பட்டி அந்தத் துண்டைப் பிடித்து மேலே இழுக்க, முன்பாதி கீழே போகிறது. உங்கள் வீட்டில் துலாக் கிணறு இருந்ததா தெரியாது. பேத்தியாரிடம் கேட்டுப் பாரும். துலாவின் பின்பக்கம் ஏறினால் முன்பக்கம் இறங்கும், அதே கணக்கு. மூடும் தசைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து இந்தப் பட்டியை மறுபக்கம் வைத்தால் இது ஒன்றுமேயில்லை. முதலையின் வாயை ஒரு கயிறு சுற்றிக் கட்டிவிடலாம் என்பதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: ஓணான் எங்களைப் பார்த்துத் தலையாட்டி நெளிப்புக் காட்டுகிறது என்று பேரப்பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். எங்கள் காலத்தில் அது பார்வையாலேயே இரத்தம் உறிஞ்சும் என்று தொப்புளைப் பொத்துவோம். தொண்டை சிவக்கிறது உண்மைதானே?
வாசகி, வேலணை

பதில்: அம்மா, தொண்டை சிவக்கிறது உண்மை, உங்கள் இரத்தம் என்பது பொய். இனப்பெருக்க காலத்தில் ஆணின் தலையிலும் தொண்டையிலும் தோலின் நிறக் கலங்கள் செய்யும் வேலை அது. எதிராளி தோற்று ஓடும்போது அதே தோல் மங்கிப் போவதையும் காணலாம். ஆங்கிலேயரும் இதை இரத்தம் உறிஞ்சி என்றுதான் அழைத்தார்கள், நாங்கள் மட்டுமல்ல.

நெளிப்பு என்று நீங்கள் சொல்வது பிள்ளைகளுக்கல்ல. பக்கத்து வேலியில் இன்னொரு ஆண் நின்றிருக்கும், அல்லது ஒரு பெட்டை. ஆட்டம் இரண்டு இடத்தில் நடக்கிறது. முன்கால்கள் மடங்கி நிமிர்ந்து நெஞ்சைத் தூக்கி இறக்கும். அதற்கு மேல் கழுத்து தன் பங்குக்குத் தலையை அசைக்கும். கழுத்து முள்ளென்புகள் ஓணானுக்கு 8. எங்களுக்கு 7. மண்டையோடு முதல் முள்ளென்பில் குந்தியிருக்கும் குமிழ் எங்களுக்கு இரண்டு. பல்லியினத்துக்கு ஒன்றே ஒன்று, நடுவில். ஒற்றைக் குமிழில் தலை எந்தப் பக்கமும் சாய முடியும். சாய விடாமல் பிடிப்பதும் சாய வைப்பதும் தசைகளின் பொறுப்பு.

பிடரியில் முள்ளென்புகளை ஒட்டி நீளமாக ஓடும் ஸ்பைனாலிஸ், லொங்கிசிமஸ் இரண்டும் தலையை நிமிர்த்தும். கழுத்தின் அடிப்பக்கம் முள்ளென்புகளுக்குக் கீழே கிடக்கும் லொங்கஸ் கொலி குனிய வைக்கும். மண்டையின் பின்மூலையில் இருந்து நெஞ்சென்புக்குச் சரிந்து இறங்கும் பட்டி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்துப் பட்டி மட்டும் சுருங்கினால் தலை திரும்பும், இரண்டும் சுருங்கினால் குனியும். எங்கள் கழுத்திலும் தலையைத் திருப்பினால் காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்சுக் குழிக்குப் புடைக்கிறதே, அதன் சொந்தக்காரன்தான். பேரப்பிள்ளைகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டுங்கள். கல்லைக் கீழே போட அது ஒரு நல்ல வழி.

ஆட்டத்தின் வேகமும் இடைவெளியும் இனத்துக்கு இனம் வேறுபடும். எங்கள் வேலி ஓணான் ஆடுவதும் மலைநாட்டு ஓணான் ஆடுவதும் ஒரே தாளமல்ல.

கேள்வி: பல்லி தன் தலையளவு கரப்பானை விழுங்குகிறது. அப்போது மேல்தாடையும் தூக்கின மாதிரித் தெரிந்தது. என் கண்ணில் பிழையா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: உங்கள் கண்ணில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் மேல்தாடை மண்டையோடு சேர்ந்து இறுகியது, பல்லிக்கு அப்படியல்ல. நெற்றி என்புக்கும் அதற்குப் பின்னாலுள்ள உச்சி என்புக்கும் இடையில் குறுக்காக ஒரு மடிப்பு இருக்கிறது. அண்ணத்து என்புகளை முன்னுக்குத் தள்ளவும் மேலே தூக்கவும் இரண்டு சின்னத் தசைகள் உண்டு; மூளைப்பெட்டியிலிருந்து புறப்பட்டு அண்ணத்தில் முடிபவை. அவை இழுக்க, அண்ணம் முன்னே நகர, மூஞ்சி மேலே வளையும். வாயை மூடும்போது மூஞ்சி திரும்பவும் கீழ்நோக்கி மடிந்து இரையை அமுக்கும். வீட்டுப் பல்லியின் கண்ணுக்குப் பின்னால் ஓணானுக்கு இருக்கிற என்பு வளைவுகளும் இல்லை, தலை முழுதும் இளகிய கட்டுத்தான். ஓணானுக்கு வளைவுகள் உண்டு, அந்த நெற்றி மடிப்பு அநேகமாக அசையாது. அதனால் கடியில் பலம் கூட, விழுங்குவதில் நெளிவு குறைவு.

இரவில் மின்குமிழுக்குக் கீழே நிற்கிற பல்லியைப் பக்கவாட்டில் பாருங்கள். கரப்பானின் கால் வாயில் அடங்காமல் நிற்கும்போது மூஞ்சி இரண்டு மூன்று தரம் ஏறி இறங்கும்.

கேள்வி: பல்லி சொல்லுகிறது என்கிறோமே, அந்தச் சத்தம் நாக்கிலிருந்தா தொண்டையிலிருந்தா?
வாசகி, கொக்குவில்

பதில்: தொண்டையிலிருந்து. பல்லிக்குக் குரல்வளையும் குரல்நாண்களும் உண்டு. குரல்வளையைத் திறக்க ஒரு சோடித் தசை, இறுக்க ஒரு சோடித் தசை. நுரையீரலிலிருந்து வரும் காற்றை இவை விட்டு விட்டு அடைக்க, டிக் டிக் என்று கேட்கிறது. பெரும்பாலும் ஆண் தன் சுவரைக் காக்கச் சொல்வது. பஞ்சாங்கத்தில் எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று போட்டிருப்பது வேறு துறை. அதற்கு இந்தப் பத்திரிகையில் வேறு பக்கம் இருக்கிறது.

கேள்வி: பல்லி விழுந்த சொதியைச் சாப்பிட்டால் நஞ்சா?
அதே வாசகி

பதில்: பல்லிக்கு நஞ்சுச் சுரப்பி கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். சொதியைக் கொட்டுங்கள்.

கேள்வி: உடும்புப் பிடி என்கிறோம். அது வாய்ப் பிடியா, கால் பிடியா? இன்னொன்று: வடலிக்குள் துரத்தினால் ஓடும்போதே தொண்டை ஊதி ஊதி இறங்குகிறது. கோபமா, களைப்பா?
வாசகர், பளை

பதில்: பிடி கால் பிடிதான். நகமும் முன்காலின் மடக்குத் தசையும். அதன் வாய் நசுக்குவதற்கான வாய் அல்ல. நீண்ட ஒடுங்கிய தாடை, பின்னோக்கி வளைந்த பல். கவ்விக்கொண்டு கழுத்தால் உலுப்பும், தலையை முன்னே எறிந்து இரையை உள்ளே தள்ளும். உடும்பின் பலம் கன்னத்தில் இல்லை, கழுத்தில் இருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பல்லியினத்துக்கு எங்களைப் போல் உதரவிதானம் இல்லை. மூச்செடுப்பதும் விலாத் தசை. உடம்பை இடமும் வலமும் வளைத்து ஓடுவதும் விலாத் தசை. ஓடினால் மூச்சு முட்டும், மூச்செடுக்க நின்றாக வேண்டும். ஓணானைப் பாருங்கள், விர்ரென்று ஓடி நிற்கும், மறுபடி ஓடி நிற்கும். டேவிட் கரியர் என்ற உயிரியலாளர் 1987இல் இதை விளக்கி எழுதினார். அப்படியானால் உடும்பு எப்படி இவ்வளவு தூரம் ஓடுகிறது? விடை நீங்கள் பார்த்த தொண்டையில் இருக்கிறது.

நாக்கின் அடியில் ஹையொய்ட் என்ற என்புச் சட்டம் இருக்கிறது. நெஞ்சென்பிலிருந்து அதற்கு ஓடும் தசைகள் சுருங்கினால் சட்டம் கீழே பின்னே போகும், தொண்டை ஊதும், மூக்கால் காற்று உள்ளே வரும். பிறகு மூக்கு அடைபடும். இரண்டு கீழ்த்தாடைக்கும் நடுவில் குறுக்காகக் கிடக்கும் இன்டர்மண்டிபுலாரிஸ் என்ற தட்டைத் தசை சுருங்கித் தொண்டையின் தரையை மேலே தூக்க, காற்று நுரையீரலுக்குள் தள்ளப்படும். விலாவை நம்பாமல் தொண்டையால் மூச்சை விழுங்கிக்கொண்டே ஓடுகிறது. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆபிரிக்கப் புல்வெளி உடும்பை ஓடும் பட்டியில் ஓடவிட்டு, எக்ஸ்றே படத்தில் இதைப் பார்த்தார்கள். வாயை மூடவிடாமல் ஒரு கட்டையைக் கொடுத்தபோது தொண்டையின் பம்பு வேலை நின்றது, ஓடும்போது எடுக்கும் மூச்சும் குறைந்தது. ஆகவே கோபமுமில்லை, களைப்புமில்லை. களைக்காமல் இருக்கச் செய்கிற வேலை.

துரத்தினால் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குத் துரத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கறிக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

கேள்வி: மணற்காட்டு மணலில் சின்ன ஓணான் ஒன்று தொண்டையில் விசிறி விரித்து மடக்குகிறது. காற்று அடைத்தா விரிக்கிறது?
மாணவர், பருத்தித்துறை

பதில்: காற்றல்ல, தம்பி, என்பு. அதற்கு விசிறித்தொண்டை ஓணான் என்று பெயர். உடும்பில் சொன்ன அதே ஹையொய்ட் சட்டத்தில் இதற்கு நடுவில் ஒரு சோடி நீண்ட கம்பிகள் பின்னோக்கி ஓடுகின்றன. சட்டத்தின் ஒரு புறத்தைத் தசை இழுக்க, சட்டம் சுழன்று கம்பிகள் கீழ்நோக்கி நிமிரும். தொண்டைத் தோல் அவற்றோடு விரியும். தசை தளர, தோல் தானாகச் சுருங்கும். காற்றடைக்கிற வேலை என்றால் அவ்வளவு விரைவாக விரித்து மடக்க முடியாது. வேலி ஓணானுக்கும் இந்தச் சட்டம் உண்டு. கம்பி கட்டை, விசிறி இல்லை, தொண்டை கொஞ்சம் தொங்கும் அவ்வளவே.

கேள்வி: பச்சோந்தி நாக்கை எறிகிறதும் தசையின் பலமா?
அதே மாணவர்

பதில்: தசை மட்டுமென்றால் அந்த வேகம் வராது. நாக்குக்குள் ஒரு கூரான கம்பி இருக்கிறது, ஹையொய்ட்டின் முன்நுனி. அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை. கம்பிக்கும் தசைக்கும் நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய உறைகள், தசைநாணில் இருக்கிற கொலாஜன் என்ற புரத நாரால் ஆனவை. எறிவதற்குச் சற்று முன்னரே தசை சுருங்கி உறைகளை இழுத்து நீட்டி வைத்துவிடும். தசையின் முன்விளிம்பு கம்பியின் நுனியைத் தாண்டி வழுக்கிய கணத்தில், இழுபட்டிருந்த உறைகள் எல்லாம் ஒரேயடியாகச் சுருங்கி நாக்கை முன்னே தள்ளும். உறைகளின் இந்த வேலையை நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 2004இல் காட்டினார்கள். நாக்கு உடலின் நீளத்தையும் தாண்டிப் போகும்.

திரும்ப இழுப்பது வேறு தசை, ஹையொகுளொசஸ். சும்மா இருக்கும்போது கம்பியின் பின்பாதியில் மடிந்து மடிந்து கிடக்கும். சாதாரணத் தசை இவ்வளவு நீண்ட பிறகு இழுக்கப் பலமற்றுப் போய்விடும். இந்தத் தசையின் உள்ளமைப்பில் குறுக்குத் தட்டுகளில் துளைகள் இருப்பதால் நார்கள் அவற்றுக்குள்ளால் புகுந்து சுருங்குகின்றன. அதனால் முழு நீளத்திலும் இழுக்க முடிகிறது. வடக்கில் பச்சோந்தி இருக்கிறது, ஆனால் இலைக்குள் நிற்பதைக் கண்டுபிடிக்க நல்ல கண் வேண்டும். கண்டால் கையில் எடுக்காமல் ஒரு வெட்டுக்கிளியைக் கிளையில் விட்டுவிட்டுத் தள்ளி நின்று பாரும். கைத்தொலைபேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் அரைவாசி தெரியும்.

கேள்வி: செத்த ஓணானின் மண்டையோட்டை எடுத்து வைக்க விருப்பம். அவித்தால் எல்லாம் பிரிந்து போய்விட்டது.
ஆசிரியை, மானிப்பாய்

பதில்: அவிக்காதீர்கள். தோலையும் கண்ணையும் நாக்கையும் எடுத்துவிட்டு, பெரிய தசைகளை இடுக்கியால் பிய்த்து, ஒரு யாம் போத்தலில் தண்ணீர் விட்டுப் போடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் வைக்க வேண்டாம், மணம் தாங்காது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள், பழைய தண்ணீரை மெல்லிய துணியால் வடித்து ஊற்றுங்கள். குவாட்ரேட்டும் எபிடெரிகோய்டும் கழன்று விழுந்தால் துணியில் நிற்கும். எங்கள் வெயிலுக்குக் கிழமைக் கணக்கில் தசை கரைந்துவிடும். வெளுக்க வைக்க உடுப்புக்குப் போடும் பிளீச்சைப் பாவித்தால் என்பு உதிர்ந்து போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐதரசன் பெரொக்சைட்டில் ஒரு நாள் போட்டால் போதும். காய்ந்த பிறகு கண்ணுக்குப் பின்னாலுள்ள வளைவுக்கு உள்ளே ஒரு ஊசியை விட்டுக் கீழ்த்தாடை முளைவரை கொண்டுபோய்க் காட்டுங்கள், வெளித்தசை ஓடிய பாதை அதுதான். பற்களைப் பிடுங்கிப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஓணானின் பக்கத்துப் பற்கள் தாடை என்பின் விளிம்போடே ஒட்டி வளர்ந்தவை, பல் வராது, தாடைதான் உடையும்.